மோட்டாருக்கு மாத்தின காஷ்மீர் ஸ்டாம்பு

பழைய ஸ்டாம்பு விக்கறவனுக்கு இந்த மலேசியாவுல, பகாவ் டவுன் ஞாயித்துக்கிழமைப் பாசார்ல, எவ்வளவு மரியாதைன்னா, பக்கத்து மேசையில ஒத்தச் செருப்பு விக்கறவன் நம்மளப் பாத்துப் பரிதாபப்படுவான்.

ஸ்டாம்பு சேத்து வீட்டுல ஏச்சு வாங்கற அண்ணன் தம்பிங்களே, இது உங்களுக்குத்தான். மத்தவங்க படிச்சா சிரிப்பாங்க, நீங்க படிச்சா வயித்தெரிச்சல் வரும். ரெண்டும் ஒடம்புக்கு நல்லதுதான்.

என்னைப் பத்திச் சொல்லணும்னா, பேரு மணியம். தோட்டத்துல எண்ணெய் எடுக்கற செம்பனைப் பழம் ஏத்தற லோரி ஓட்டிக்கிட்டு இருந்தேன். முதுகு போச்சு, லோரியும் போச்சு. அஞ்சாங்கிளாஸோட பள்ளிக்கூடத்துக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன், பள்ளிக்கூடம் எனக்குப் போட்ட கும்பிடு அதைவிடப் பெருசு. இங்கிலீஷ் புஸ்தகம் குடுத்தா படம் பாப்பேன். ஸ்டாம்புக்கு அது போதும்.

நான் சேக்கறது எல்லா ஸ்டாம்பும் இல்ல. வெள்ளைக்காரன் காலத்துல இந்தியாவுல சின்னச் சின்ன ராசாங்க அவங்கவங்க சமஸ்தானத்துக்குள்ள தனியாத் தபால் நடத்துனாங்க. அதுக்குத் தனி ஸ்டாம்பு. நெறைய எடத்துல மிஷின் எல்லாம் கெடையாது. முத்திரைக் கட்டைய மையில தோய்ச்சு, முரட்டுக் காகிதத்துல ஒண்ணொண்ணா கையால குத்தறது. அதுல எனக்குப் பைத்தியம். ஏன்னு கேக்காதீங்க, தெரிஞ்சா வைத்தியம் பண்ணியிருப்பேன்.

பல்லு இல்லாத ஸ்டாம்பு

ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க. மகனுக்குப் பள்ளிக்கூட வேலைக்கு ஸ்டாம்பு வேணுமாம். பட்டாம்பூச்சி, ரம்புத்தான், கால்பந்து எல்லாம் எடுத்து வச்சேன். அவங்க கண்ணு என் சமஸ்தான ஆல்பம் மேல போச்சு. எனக்குக் குஷி வந்திருச்சு. யாராச்சும் அத ஒரு பார்வை பாத்தாலே எனக்குப் பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்கும்.

"இது பூந்தி சமஸ்தானம்மா, கட்டாரி போட்டிருக்கு பாருங்க. இது ஜாலாவார், ஒரு பொம்பள ஆடுது பாருங்க"ன்னு ஆரம்பிச்சேன். அந்தம்மா கண்ணாடியை மூக்கு மேல தள்ளிப் பாத்தாங்க. ஒரு ஸ்டாம்புக்கும் ஓரத்துல பல்லு இல்ல. பின்னால பசை இல்ல. ஒண்ணு சாஞ்சிருக்கு, ஒண்ணு கோணலா வெட்டியிருக்கு, ஒண்ணுல பாதி மை அப்பியிருக்கு. இதான்மா இதோட அழகேன்னு சொன்னேன். அந்தம்மா ஆல்பத்தை மெதுவா என் பக்கம் தள்ளிவிட்டாங்க.

"ஏண்ணே, அத்தனை பெரிய மகாராசா, வீட்டுல ஒரு ரூலர் கூடவா இல்ல?"

சங்கு

திருவாங்கூர் ஸ்டாம்புல சங்கு போட்டிருக்கும். நம்ம ஆளுங்களுக்கு அது ஒண்ணுதான் சட்டுனு புரியும். சிரம்பான் போற ரோட்டுல ஒரு கோயில் கமிட்டிக்காரரு, நல்ல மனுசன், அந்தச் சங்கு ஸ்டாம்பை வாங்கிட்டுப் போயி கண்ணாடி போட்டு சாமி ரூம்புல மாட்டிட்டாரு. ஸ்டாம்புக்குக் கற்பூரம் காட்டினது இந்த நெகிரி செம்பிலான் மாநிலத்துலயே அவரு ஒருத்தராத்தான் இருக்கும்.

மறுவாரம் திரும்பி வந்தாரு, மூஞ்சி சரியில்ல. யாரோ சொந்தக்காரரு வந்து பாத்துட்டு ஏதோ சொல்லியிருக்காரு போல. ஆல்பத்துல இருந்த மிச்சச் சங்கை எல்லாம் ஒண்ணுவிடாம கையில எடுத்து, வெளிச்சத்துல காட்டி, திருப்பித் திருப்பிப் பாத்தாரு. நான் ஏதோ அச்சுப் பிழை தேடறாருன்னு நெனச்சேன். நம்ம ஆளுங்கள்ல அப்படி ஒரு கில்லாடியான்னு மனசுக்குள்ள மால போட்டேன்.

"மணியம், இதெல்லாம் இடம்புரி மாதிரியே தெரியுது. வலம்புரி வந்தா எனக்கு எடுத்து வையி, வேற யாருக்கும் குடுத்திராத."

எல்லை தாண்டாத ஸ்டாம்பு

என் மேசை காசிம் நானா கடை வாசல்ல. நானாவோட வாப்பா தமிழ்நாட்டுக் கடற்கரைப் பக்கம் இருந்து வந்து ஆரம்பிச்ச சாப்பாட்டுக் கடை. நெழலு அவரோடது, தேத்தண்ணி அவரோடது, ஏச்சும் அவரோடதுதான். கூட்டம் இல்லாத நேரம் பெஞ்சை இழுத்துப் போட்டு உக்காந்து என் ஆல்பத்தைப் பொரட்டுவாரு. கையில எண்ணெய் இருக்கும். நான் அலறுவேன். வாராவாரம் நடக்கற கூத்து.

ஒரு வாட்டி கேட்டாரு, இந்த ஸ்டாம்பு ஒட்டி மலாயாவுக்குக் கடுதாசி போட்டிருப்பாங்களான்னு. இல்ல நானா, இது அந்தச் சமஸ்தானத்துக்குள்ள மட்டும்தான் செல்லும், எல்லை தாண்டணும்னா வெள்ளைக்காரன் ஸ்டாம்பு ஒட்டணும்னு சொன்னேன். இங்க தோட்டத்து லயத்து வீட்டுல நம்ம ஆளுங்க பொட்டியில கெடைக்கற சமஸ்தான ஸ்டாம்பெல்லாம், கப்பலேறும்போது பழைய காகிதத்தோட காகிதமா வந்ததுதான். நானா தாடியத் தடவி யோசிச்சாரு.

"அட போடா, நான் போடற பரோட்டா பார்சல் ஆகி சுங்கை காடுட் பேக்டரி வரைக்கும் போவுது. உன் மகாராசா ஸ்டாம்பு அவ்வளவு தூரம் கூடப் போவாதா?"

சிங்கு பட்டறை

இப்பத்தான் விசயத்துக்கு வரேன். பக்கத்து ஊரு கோலா பிலாவில பல்பீர் சிங்குன்னு ஒருத்தன், மோட்டார் சைக்கிள் பட்டறை வச்சிருக்கான். அவன் தாத்தா எங்க தோட்டத்துல ஜாகா, ராத்திரிக் காவலுக்கு இருந்தவரு. பல்பீரு லயத்துல எங்களோட பொறண்டு வளந்தவன், தமிழ்ல நம்மளவிட நல்லா ஏசுவான். எனக்கு ஸ்டாம்புப் பைத்தியம், அவனுக்குப் பழைய மோட்டார் பைத்தியம். அதுலயும் அவங்கப்பா ஓட்டின மாடலுன்னா உயிரு. என் வீட்டுல அதே மாடல் ஒண்ணு நின்னுச்சு. பழைய கப்சாய், அதான் சின்ன மோட்டார் சைக்கிளு, சீட்டு மொதக்கொண்டு ஒரிஜினல். பல வருசமா கேட்டுக்கிட்டே இருந்தான். நான் குடுக்கல. குடுக்கக் கூடாத காரணத்தை அடுத்ததுல சொல்றேன்.

ஒரு நாள் பிரேக் பாக்கப் போனேன். தாத்தா பொட்டி ஒண்ணு கெடக்கு, உங்க குப்பை ஏதாச்சும் இருக்கான்னு பாருங்கன்னான். அவங்க தாத்தாவோட ஊரு ஜம்மு பக்கம். பொட்டிக்குள்ள, ஒரு துணி மடிப்புல, செவப்பா, வட்டமா ஒரு காகிதம். காஷ்மீர் சமஸ்தானம் மொதமொதல்ல போட்ட வட்ட ஸ்டாம்பு! புஸ்தகத்துல படமாப் பாத்திருக்கேன், எச்சி விட்டிருக்கேன். நான் மூஞ்சிய மாத்தாமத்தான் வச்சிருந்தேன். ஆனா சிங்கு பழைய சாமான் வாங்கறவன், அடுத்தவன் மூஞ்சி படிக்கத் தெரிஞ்சவன். மோட்டாரு குடுத்தா எடுத்துக்கங்கன்னான். நான் உடனே சாவியக் கழட்டிக் குடுத்துட்டேன். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, இந்தக் காஷ்மீர் வட்டத்துக்கு அந்தக் காலத்துலயே போலி அடிச்சு ஊரு பூரா வித்திருக்காங்கன்னு. வாசல் வரைக்கும் வந்தவன் திரும்பி நின்னு, சிங்கு, இது பொய்யா இருந்தான்னு இழுத்தேன். சிங்கு நல்லவன், அதைச் சொல்லியே ஆகணும்.

"ஹரி ராயா பெருநாள் வரைக்கும் உங்க மோட்டார்ல ஒரு ஸ்குரூ கழட்ட மாட்டேன் லா. பொய்யா இருந்தா கொண்டாங்க, மோட்டார எடுத்துட்டுப் போங்க. நெசமா இருந்தா நீங்க யாரோ, மோட்டார் யாரோ."

கூடை

குடுக்கக் கூடாத காரணம் என் வீட்டுக்காரி சரசு. அவ இடியாப்பம் விக்கறா. இங்க எல்லாரும் புட்டு மாயம்னு சொல்ற அதேதான், தேங்காப்பூவும் சீனியும் வச்சுக் குடுக்கறது. காலையில மோட்டார் பின்னால கூடையக் கட்டிக்கிட்டு, ஹாரன் அடிச்சுக்கிட்டே எங்க தாமான் வீடுங்களைச் சுத்தி, அப்புறம் செம்பனைத் தோட்டத்துக்குள்ள போயி வித்துட்டு வருவா. என் முதுகு போனதுல இருந்து வீட்டுல அடுப்பு எரியறது அந்தக் கூடையிலதான். மோட்டார் என் பேர்ல இருந்துச்சு, ஆனா அவ மோட்டாரு.

பஸ்ஸுல வந்து எறங்கி வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். மோட்டாரு எங்கன்னு கேட்டா. அந்தக் காஷ்மீர் ஸ்டாம்பை எடுத்து மேசை மேல வச்சேன். நான் எதிர்பாத்தது சட்டி பறக்கும்னு. பறக்கல. மறுநாள் கூடைய இடுப்புல வச்சுக்கிட்டு நடந்து போனா. தாமான்ல பாதிதான் சுத்த முடிஞ்சுச்சு. தோட்டத்துப் பக்கம் நடந்து போற தூரமா? அங்க இருந்து பொம்பளைங்க போன் போட்டு, அக்கா வரலியா, புள்ளைங்க கேக்குதுன்னு கேட்டாங்க. அவ என்னைப் பாத்துக்கிட்டே பதில் சொன்னா.

"இல்லம்மா, வண்டி ஆல்பத்துக்குள்ள நிக்கிது."

தண்ணி

இப்ப நெலமைய நல்லாக் கவனிங்க, ஏன்னா நானே நாலு வாட்டி கொழம்பிட்டேன். ஸ்டாம்பு போலின்னா, சிங்கு மோட்டாரத் திருப்பித் தருவான். சரசுக்கு வண்டி வந்துரும். ஸ்டாம்பு நெசம்னா, என் கையில காஷ்மீரு, சரசு கையில கூடை. அவ வீட்டு விளக்கு முன்னால போலியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தா. அதே விளக்கு முன்னால நான் நெசமா இருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருந்தேன். ஒரே விளக்கு, ரெண்டு வேண்டுதல், சாமி பாடுதான் திண்டாட்டம்.

நெசமா பொய்யான்னு எப்படிப் பாக்கறதுன்னு காசிம் நானா கேட்டாரு. அவருகிட்ட சொன்னதுதான் நான் செஞ்ச தப்பு. இந்த மாதிரி செவப்பு வட்டம் அடிச்சது தண்ணிச் சாயத்துல. ஒரு சொட்டுத் தண்ணி பட்டாலும் கரையும். அதனாலதான் விவரம் தெரிஞ்சவன் காஷ்மீர் ஸ்டாம்பை மத்த ஸ்டாம்பு மாதிரி தண்ணியில ஊறப் போட மாட்டான். இந்தச் செவப்புக்குப் பின்னால வந்த போலிங்கள்ல பெரும்பாலும் எண்ணெய் மை, அதைக் கொளத்துல போட்டாலும் அப்படியே இருக்கும். நானா புரிஞ்சுக்கிட்டாரு. புரிஞ்சதும் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்க ஆரம்பிச்சவரு, மேசையில தேத்தண்ணிக் கிளாஸ் ஆடற வரைக்கும் சிரிச்சாரு. கடைக்குள்ள இருந்த ஆளுங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னாரு.

"கேட்டுக்கங்கப்பா! இவன் சரக்கு நல்லா இருந்தாத்தான் கெட்டுப்போவும், கெட்ட சரக்குன்னா கெடவே கெடாதாம்!"

பெரிய கண்ணாடி

தண்ணியில விடாம சொல்றதுக்கு ஆளு இருக்காங்களான்னு தேடினேன். சிரம்பான்ல ஸ்டாம்பு சேக்கறவங்க ஒண்ணாக் கூடுவாங்க, அதுல ஒரு பெரியவரு, ஓய்வு பெற்ற அதிகாரி, இந்தியச் சமஸ்தானம் பத்தி நெறையத் தெரிஞ்சவரு. என்னை மிஸ்டர் மணியம்னு கூப்பிடற ஒரே மனுசன். அதுக்காகவே அவருகிட்ட அடிக்கடி போவேன். பஸ் ஏறிப் போனேன். ஸ்டாம்பை ரெண்டு அட்டைக்கு நடுவுல வச்சு, அதைச் சட்டைப் பையில வச்சு, மழை வந்துருமோன்னு வழியெல்லாம் வானத்தையே பாத்துக்கிட்டுப் போனேன். பக்கத்துல உக்காந்தவரு எனக்குக் கழுத்துச் சுளுக்குன்னு நெனச்சுத் தைலம் குடுத்தாரு.

பெரியவரு கையில துணி உறை மாட்டிக்கிட்டாரு. இடுக்கியில எடுத்தாரு. கண்ணாடிக்குக் கீழ வச்சாரு. காகிதம் பழசுதான்னாரு. வட்டம் சரின்னாரு. எழுத்து சரின்னாரு. அப்புறம் கண்ணாடியக் கீழ வச்சுட்டு மோவாயச் சொறிஞ்சாரு. சீமைக்கு அனுப்பினா பாத்து எழுதிக் குடுப்பாங்க, ஆனா மாசக்கணக்கா ஆகும்னாரு. ராயாவுக்கு நாள் நெருங்கிருச்சே ஐயா, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கெஞ்சினேன்.

"நல்லா இருக்கு, மிஸ்டர் மணியம். இவ்வளவு நல்லா இருக்கே, அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

கட்டை விரலு

ராயாவுக்கு முந்துன வாரம். முடி வெட்டப் போயிருந்தேன். திரும்பி வந்தா, சமையக்கட்டு மேசையில என் ஆல்பம் தொறந்து கெடக்கு. பக்கத்துல இடியாப்ப உரலு. சரசு நாற்காலியில உக்காந்து தன் வலது கட்டை விரலையே பாத்துக்கிட்டு இருக்கா. விரலு செவப்பு.

எனக்கு மொதல்ல, விரல வெட்டிக்கிட்டாளோன்னுதான் பதறுச்சு. ஓடிப் போயி கையப் புடிச்சேன். ரத்தம் இல்ல. அப்பத்தான் ஆல்பத்தைப் பாத்தேன். காஷ்மீரு வட்டத்துல ஒரு பக்கம் மங்கி, சாயங்காலத்துச் சூரியன் மேகத்துக்குள்ள பாதி போன மாதிரி இருந்துச்சு. காசிம் நானா கடையில ஊரே சிரிச்சதை அவகிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. இவ மாவு பெசஞ்ச கையக் கழுவிட்டு, ஈர விரல ஓரமா ஒரு தடவ வச்சுப் பாத்திருக்கா. அவ்வளவுதான். பூராவும் நனைக்கணும்னு அவ நெனைக்கல, ஒரு ஓரம் போதும்னுதான் வச்சாளாம்.

அண்ணன் தம்பிங்களே, உங்ககிட்ட மறைக்காமச் சொல்றேன், அந்த நிமிசம் எனக்குச் சந்தோசம் தாங்கல. நெசம்! நெசமான காஷ்மீரு என் வீட்டுல, பகாவ்ல, இடியாப்ப உரலுக்குப் பக்கத்துல! வாய் வரைக்கும் சிரிப்பு வந்திருச்சு. அப்புறம் அவ மூஞ்சியப் பாத்தேன். கூடையத் தூக்கித் தூக்கி இடுப்புல சேலை தேஞ்சு போயிருந்துச்சு. அவ அழல. அழுதிருந்தாத் தேவலை.

"போலியா இருந்து தொலஞ்சா என்னங்க இதுக்கு?"

கோலா பிலாவுக்கு ரெண்டு பேரும்

மறுநாள் காலையில நான்தான் சொன்னேன், கெளம்பு சரசு, வண்டிய வாங்கிட்டு வருவோம்னு. எப்படிங்கன்னு அவ கேட்டா. ஸ்டாம்பைத் திருப்பிக் குடுத்துருவோம், நெசமான ஸ்டாம்பு, அவன் தாத்தாவோடது, அவனுக்குத்தான் லாபம், எந்தக் கிறுக்கன் வேணாம்பான்னு சொன்னேன். நான் சொல்லும்போது எனக்கே நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா பஸ்ஸுல போறப்ப அந்த அட்டையத் தொறந்து தொறந்து பாத்தேன். சரசு சன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா.

பட்டறையில எங்க மோட்டாரு மூலையில துணி போத்தி நின்னுச்சு. சிங்கு சொன்ன சொல்லு மாறல, ஒரு ஸ்குரூ கழட்டல. நான் அட்டைய நீட்டினேன். "சிங்கு, இந்தா, நீயே வச்சுக்க. மோட்டாரக் குடு."

சிங்கு ஒடனே கையத் தொடச்சான். "பொய்தான? எனக்கு அப்பவே தெரியும்ணே. எங்க தாத்தா பொட்டியில நெசமா இருந்தது அவரு மீச மட்டும்தான்."

"பொய் இல்ல சிங்கு, நெசம். சுத்தமான காஷ்மீரு."

"நெசம்னா ஏன்ணே திருப்பித் தர்றீங்க?"

"வீட்டுக்கு வண்டி வேணும்பா."

அவன் என்னையே பாத்தான். அப்புறம் சரசுவப் பாத்தான். "அண்ணே, நம்ம பேசினது என்னா? பொய்யா இருந்தா திருப்பித் தரணும். நீங்க திருப்பித் தர்றீங்க. அப்ப என்னா?"

"இல்லடா, சாயம் போச்சுடா, தண்ணி பட்டதும் போச்சு, சாயம் போனா நெசம்!"

"சாயம் போற சாமான நெசம்னு விக்கற ஒரே ஆளு நீங்கதாண்ணே."

சரசு விரல நீட்டினா. ஒரு ராத்திரி போயும் நகத்து ஓரத்துல செவப்பு போகல. "பாருங்க தம்பி, நான்தான் வச்சுப் பாத்தேன். அவரு பொய் சொல்லல."

சிங்கு விரலப் பாத்தான். அவ நெத்தியப் பாத்தான். சிரிச்சான். "அக்கா, குங்குமம் வச்ச கையோட நேராக் கெளம்பி வந்துட்டீங்களா? புருசனக் காப்பாத்த இவ்வளவா?" தெய்வத்து மேல சத்தியம் பண்ணப் போனவளை அவன் கையமத்திட்டான்.

பேசின்

சரிண்ணே, ஒரே வழின்னு சொல்லிட்டு அவன் உள்ள போனான். டியூப் ஓட்டை பாக்கற பேசின்ல நல்ல தண்ணி புடிச்சுக் கொண்டாந்து என் முன்னால வச்சான். "போடுங்க. கரைஞ்சா நெசம், நான் ஒத்துக்கறேன். கரையலன்னா பொய்."

நியாயமான பேச்சு. நான் இடுக்கியில ஸ்டாம்பை எடுத்தேன். தண்ணிக்கு மேல கொண்டு போனேன். மிச்சம் இருக்கற பாதிச் சூரியன் கீழ தண்ணியில தெரியுது. இதை உள்ள விட்டா நான் உத்தமன்னு ஆயிரும், காஷ்மீரு சாயத் தண்ணி ஆயிரும். விடலன்னா நான் பொய்யன், ஆனா அது இருக்கும். நீங்களா இருந்தா என்ன செய்வீங்க? வாய் தொறக்காதீங்க, எனக்குத் தெரியும். நீங்களும் என் சாதிதான். என் கை கீழ எறங்கல. ஒரு வாட்டி பாத்தேன், ரெண்டாவது வாட்டியும் பாத்தேன், கையி தானாப் பின்னால வந்திருச்சு. பேசினை ஓரமாத் தள்ளிட்டேன். சரசு தலையில கைய வச்சுக்கிட்டா.

சிங்கு என் தோளத் தட்டினான். ஏசுவான்னு பாத்தேன், ஏசல. அதைவிட மோசம், ஆறுதல் சொன்னான்.

"பரவால்லண்ணே. மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் கை நடுங்கும். நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

செலோ டேப்பு

மோட்டார் சாவிய அவன் என்கிட்ட குடுக்கல. சரசு கையில குடுத்தான். துணிய எடுத்து, டயருக்குக் காத்து புடிச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, காசு வேணாம் அக்கான்னு சொல்லிட்டான். அவன் கொண்ட ஆசைய நெனச்சா எனக்கே பாவமா இருந்துச்சு. அவங்கப்பா மாடலாச்சே. சரசு ஏறி உக்காந்து ஹாரனை ஒரு அமுத்து அமுத்தினா. இத்தனை நாளா அவ பேசின பேச்சிலயே அதுதான் சந்தோசமான பேச்சு.

நான் கௌம்பறதுக்கு முன்னால, சிங்கு, தயவு பண்ணி அதைப் பத்திரமா வையி, ரெண்டு அட்டைக்கு நடுவுல, ஈரம் படாமன்னு சொன்னேன். சரிண்ணேன்னான். சொல்லிக்கிட்டே கூட்டாளி ஒருத்தன் ஏமாத்தப் பாத்த ஞாபகமா இருக்கட்டும்னு, என் காஷ்மீர டூல் பொட்டி மூடியில, ஸ்பேனர் கம்பெனி ஸ்டிக்கருக்குப் பக்கத்துல வச்சு, மேல குறுக்கால செலோ டேப்பு ஒட்டினான். ஒரு டேப்பு இல்ல, பெருக்கல் குறி மாதிரி ரெண்டு. கட்டை விரலால நல்லா அழுத்தித் தேய்ச்சும் விட்டான். இனி டேப்ப உரிச்சா காஷ்மீரும் அதோட உரிஞ்சு வந்துரும். நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் கடைச் சீனன் எட்டிப் பாத்தான். சரசு மோட்டாரை அணைச்சுட்டுத் திரும்பிப் பாத்தா. சிங்கு மட்டும் ஒண்ணும் புரியாம டேப்பு ரோலைக் கையில வச்சுக்கிட்டு நின்னான்.

"பொய் ஸ்டாம்புக்கு ஏண்ணே இந்தத் துடி துடிக்கிறீங்க?"

ஆக, சீமைக்குப் போயி எழுதி வாங்க வேண்டிய நெசமான காஷ்மீரு வட்டம், பொய்யின்னு பேரெடுத்து கோலா பிலாவில ஒரு டூல் பொட்டி மேல டேப்புக்கு அடியில குந்தியிருக்கு, அந்தப் பக்கம் போனீங்கன்னா ஒரு எட்டு பாத்துட்டு வாங்க, ஆனா நெசம்னு மட்டும் அவன்கிட்ட சொல்லிராதீங்க, நம்ப மாட்டான்.